15,000 என்றேன், 50,000 என்று கேட்டதாம்: அக்சென்ட் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

உப்புவெளி வரவேற்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளியில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். படித்தது தமிழ் மொழிமூலம். ஆங்கிலம் பள்ளியிலும் பிறகு ஒரு டிப்ளோமாவிலும் படித்ததுதான். எழுத்தில் எனக்குக் குறை கிடையாது. விடுதிக்கு வரும் மின்னஞ்சல்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதுகிறேன். நேரில் வருகிறவர்களிடமும் சமாளித்துவிடுவேன். தொலைபேசி அடித்தால்தான் வயிறு கலங்குகிறது.

போன மாதம் இங்கிலாந்திலிருந்து ஒருவர் எடுத்தார். அறை வாடகை கேட்டார். ஓர் இரவுக்குப் பதினையாயிரம் ரூபாய் என்றேன். "ஐம்பதாயிரமா?" என்றார். இல்லை, பதினையாயிரம் என்றேன். "அதைத்தான் நானும் சொல்கிறேன், ஐம்பதாயிரம்" என்றார். இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற முகாமையாளர், "முதலில் உங்களுடைய உச்சரிப்பைத் திருத்துங்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து சமையலறைப் பையன்கள் என்னைப் 'பதினைந்து அக்கா' என்று கூப்பிடுகிறார்கள்.

முகநூலில் ஓர் ஒன்லைன் வகுப்பின் விளம்பரம் அடிக்கடி வருகிறது. மூன்று மாதம், அறுபதாயிரம் ரூபாய். 'உங்கள் தமிழ் அக்சென்டை முற்றாக நீக்கி, பிரித்தானியர் போலப் பேச வைக்கிறோம்' என்கிறார்கள். விடுதி ஒரு சதமும் தராது. அம்மா சீட்டுக் காசை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அதனால்தான் யோசனை.

உண்மையிலேயே அக்சென்டை நீக்க முடியுமா? இப்படிப்பட்ட வகுப்பில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யூடியூபில் ஒருவர் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டி 'தாங்க்யூ' சொல்லப் பழக்குகிறார். கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். பாம்பு போலச் சீறல் வருகிறதே தவிர அவர் சொல்லும் ஒலி வரவில்லை.

புறாமலைப் படகு எழுதியது:

தங்கச்சி, பயப்பட வேண்டாம். நான் நிலாவெளியிலிருந்து புறாமலைக்கும், காலம் சரியாக இருந்தால் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றிப் போகிறவன். என்னுடைய படகில் ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், இத்தாலிக்காரர். அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நான் நிறுத்தி நிறுத்திப் பேசினால் விளங்கிக்கொள்கிறார்கள். திருத்த வேண்டி வந்தது ஒரேயொரு சொல்தான். திமிங்கிலத்தை நான் முருகன் கையில் இருக்கும் வேல் போலவே சொல்வேன். ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, அப்படிச் சொன்னால் கல்யாணப் பெண் முகத்தில் போடும் துணி என்று அர்த்தம் என்றார். உதட்டைக் குவித்து, பல் படாமல் சொல்லக் காட்டித் தந்தார். அதற்கு யாரும் அறுபதாயிரம் கேட்கவில்லை.

ஜெர்மன்காரரும் அந்தச் சொல்லில் தடுக்கித்தான் விழுகிறார்கள் என்பது வேறு கதை.

உவர்மலை ரீச்சர் எழுதியது:

பிள்ளை, சீட்டுக் காசு அம்மாவிடமே இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. இப்போதும் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் தாதியரும் விடுதிப் பிள்ளைகளும் வந்து இருக்கிறார்கள். ஆகவே தொழில் பொறாமையில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அக்சென்டை முற்றாக நீக்குகிறோம் என்று சொல்கிற இடத்தின் வாசலையும் மிதிக்க வேண்டாம். வளர்ந்த பிறகு படித்த மொழியில் தாய்மொழியின் சாயல் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள், மண்டரின் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசிய ஆங்கிலத்தைப் பதிவு செய்து, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. கேட்டவர்கள் 'சாயல் மிகவும் கடுமை' என்று குறித்த பேச்சுகளிலும் பலவற்றைச் சொல்லுக்குச் சொல் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாயல் வேறு, விளங்காமை வேறு. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதுவும் ஒரே ஒரு சொல்லில், தொலைபேசியில்.

தொலைபேசியைக் குறித்துச் சொல்கிறேன். சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். 'ஸ்', 'ஃப்' போன்ற உரசல் ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அது வழியிலேயே நின்றுவிடும். நேரில் உங்கள் உதட்டையும் முகத்தையும் பார்த்து விளங்கிக்கொள்கிறவருக்குத் தொலைபேசியில் அந்த உதவியும் இல்லை. நேரில் சமாளித்துத் தொலைபேசியில் தடுமாறுவது உங்கள் குறை என்று யார் சொன்னது?

இனி அந்தச் சொல். பதினைந்து 'ஃபிஃப்டீன்', ஐம்பது 'ஃபிஃப்டி'. தமிழ் வாய் இடியப்பம் பிழிவது போல எல்லா அசையையும் ஒரே சீராக விடும். ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரு சொல்லில் ஓர் அசையைத் தூக்கி நீட்டிச் சொல்லும், மற்றவற்றை விழுங்கிவிடும். கேட்கிறவரின் காது தூக்கிய அசையைத்தான் தேடும். ஐம்பதில் முதல் அசை ஓங்கும். பதினைந்தைத் தனியாகச் சொன்னால் பின் அசை ஓங்கும். இவ்வளவுதான் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். ஆனால் பின்னால் 'ஆயிரம்' வந்து சேர்ந்தால் ஆங்கிலேயரே பதினைந்தின் அழுத்தத்தை முன் அசைக்கு நகர்த்திவிடுகிறார்கள் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதாவது வாடகை சொல்லும் இடத்தில் அழுத்தத்தை நம்ப முடியாது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது நெடிலும் கடைசி 'ன்'னும்தான். 'டீ'யை இழுத்து, 'ன்'னில் நாக்கை ஒரு கணம் ஒட்டி வைத்துவிட்டுப் பிறகு ஆயிரத்துக்குப் போங்கள். அதற்கும் மேலே, எண்ணைச் சொன்னவுடன் இலக்கங்களையும் பிரித்துச் சொல்லுங்கள்: 'ஒன், ஃபைவ்'. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் செய்வதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த அழுத்தம்தான் நான் முதலில் திருத்துவது. உங்கள் மேசையில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்களை எடுங்கள். ஹோட்டல் என்ற சொல்லில் ஓங்குவது இரண்டாவது அசை, நாமோ முதலாவதில் அடிக்கிறோம். ரிசர்வேஷனில் 'வே'. டெபாசிட்டில் நடு அசை. பிரேக்ஃபாஸ்டில் முதல் அசை மட்டும், 'ஃபாஸ்ட்' என்பதை முழுசாகச் சொல்லவே கூடாது, 'ஃபஸ்ட்' என்று அமுங்கிவிட வேண்டும். இந்த நாலு சொல்லையும் சரியாகச் சொல்கிற ஒருவரின் மற்றப் பிழைகளை வெளிநாட்டார் கவனிப்பதேயில்லை.

அடுத்தது, பேனாவைக் குறிக்கும் 'பென்' போன்ற சொற்களின் முதல் ஒலி. தமிழில் 'பல்' சொல்லும்போது உதடு திறக்கிறது, காற்று வெடித்து வருவதில்லை. ஆங்கிலத்தில் வர வேண்டும். காற்று வராவிட்டால் அவர்களுடைய காது அதைப் 'பஸ்' என்ற சொல்லின் முதல் ஒலியாக எடுத்துக்கொள்ளும். கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று நீங்கள் சொல்ல, அவருக்கு நாய் குரைக்கிறது என்று கேட்கும். பஸ் டிக்கெட் ஒன்றை உதட்டுக்கு நேரே, இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு 'பென்' சொல்லிப் பாருங்கள். டிக்கெட்டின் நுனி துள்ள வேண்டும். 'பல்' சொன்னால் துள்ளாது. 'க', 'ட' ஒலிகளில் தொடங்கும் சொற்களுக்கும் இதே கணக்கு. 'ஸ்'க்குப் பின்னால் வந்தால் மட்டும் காற்று வேண்டாம், 'ஸ்போர்ட்' மாதிரி.

வயிற்றுக் கலக்கம் தீர ஒரு நல்ல செய்தி. தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் ஆங்கிலத்து 'ரீ' (T) எழுத்தின் ஒலிக்குப் படாத பாடு படுகிறார்கள். அவர்கள் வாயில் அது 'பட்டம்' என்பதில் வரும் 'ட்' ஆகிவிடும், நாக்கு மேலண்ணத்துக்கு வளைந்து போகும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'வெற்றி', 'காற்று' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொடுகிறது அல்லவா? ஆங்கிலேயர் 'ரீ' சொல்வதும் அதே மேட்டில்தான். நம்மவர்கள் கடைப் பலகையில் 'ரயர்' என்று எழுதுவதையும், என்னை 'ரீச்சர்' என்று எழுதுவதையும் இந்தியத் தமிழர் பார்த்துச் சிரிப்பார்கள். காது கூர்மையானவர்கள் எழுதிய எழுத்து அது. உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலியை வெளியே கொண்டுவாருங்கள், போதும். பள்ளியில் யாரோ 'ட்' என்று பழக்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

நாக்கை நீட்டும் வித்தையை மறந்துவிடுங்கள். 'தாங்க்யூ'வை நீங்கள் நம் 'த'வில் சொன்னால் உலகத்தில் யாருக்கும் விளங்காமல் போகாது. லண்டனிலேயே அதை 'ஃப' போலச் சொல்கிறவர்கள் தெருத் தெருவாக இருக்கிறார்கள். அதன் இணை ஒலி, 'திஸ்', 'தட்' சொற்களின் தொடக்கம், உங்களிடம் இருக்கிறது. 'அது', 'இது' என்று இயல்பாகச் சொல்லுங்கள், நடுவில் வரும் 'து' ஏறத்தாழ அதுவேதான்.

வகரத்தைப் பற்றிப் படகுக்காரத் தம்பி சொல்லிவிட்டார்.

பயிற்சி எப்படி என்றால், நாப்பிறழ் வசனங்களை ஓதி நேரத்தை வீணாக்காதீர்கள். கடற்கரையில் சிப்பி விற்கிற பெண்ணைப் பற்றிய அந்த வசனத்தை எந்த விருந்தினரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. தொலைபேசியில் நீங்கள் உண்மையில் சொல்லும் பத்து வசனங்களை எழுதுங்கள். கேம்பிரிட்ஜ் ஒன்லைன் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரித்தானிய ஒலியும் அமெரிக்க ஒலியும் தனித்தனியாக இருக்கின்றன, இலவசம். ஒன்றைத் தெரிவுசெய்து கேட்டு, கூடவே சொல்லி, கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் பிழை தெரியாது.

இதற்குப் பிறகும் ஒருவரிடம் பணம் கட்டிப் படிக்க வேண்டுமென்றால் படியுங்கள். நல்ல பயிற்சியாளர் முதல் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பேசவிடுவார். எந்த இடத்தில் தனக்கு விளங்கவில்லை என்று குறித்துத் தருவார். தமிழ் வாய்க்கு எது கடினம், எது இலகு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பாடப் புத்தகத்தை அனுப்புகிறவர் என்றால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கொட்பே சிக்னல் எழுதியது:

ரீச்சர் துறைமுகத்தைச் சொன்னபடியால் இதை எழுதுகிறேன். எங்கள் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஸ்கொட்லாந்துக்காரரும் வேல்ஸ்காரரும். ஒருவர் பேசுவது மற்றவருக்கே விளங்காது என்று சொல்லிச் சிரிப்பார். பிரித்தானியர் போலப் பேச வைக்கிறோம் என்கிறவர்களிடம், எந்தப் பிரித்தானியர் என்று கேளுங்கள் தங்கை.

பெயர்களை எழுத்துக்கூட்டும்போது தடுமாறுகிறீர்களா? 1956 முதல் உலகம் முழுக்க விமானங்களும் பிறகு கப்பல்களும் பாவிக்கும் எழுத்துப் பெயர்கள் இருக்கின்றன. அல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும். நமக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு 'பீ'களுக்கு 'பாப்பா', 'பிராவோ' என்று இரண்டு சொல். 'வீ'க்கு விக்டர், 'டபிள்யூ'வுக்கு விஸ்கி. அச்சடித்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இன்னொன்று, அந்த வானொலி ஒழுங்கில் மூன்றுக்கு ஆங்கிலேயரும் 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும், ஒன்பதுக்கு 'நைனர்'. நாக்கை நீட்டும் ஒலி இரைச்சலில் அடிபட்டுப் போகும் என்று தெரிந்துதான் அதை எடுத்துவிட்டார்கள்.

லெஸ்டர் தாதி எழுதியது:

நான் ரீச்சரின் விறாந்தையில் இருந்து எழும்பிப் போனவள்தான். இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை. வெளிநாடு போகும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. ஆங்கிலப் பரீட்சையில் பேச்சுப் பகுதி இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் ஆயத்தம், ஐந்து நிமிடம் பேச்சு. புள்ளி போடும் முதல் அளவுகோலே கேட்பவருக்கு விளங்குகிறதா என்பதுதான். பிரித்தானியர் போல இருக்கிறதா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையிலும் பேச்சுக்கான புள்ளிகளில் உச்சரிப்பு நாலில் ஒரு பங்கு மட்டுமே. நான் ஒரு கொழும்பு வகுப்பில் அக்சென்டுக்கென்று பணம் கட்டினேன். அங்கே அமெரிக்க நாடகம் போட்டுப் பார்த்து, பேசுகிறவர் கூடவே பேசச் சொன்னார்கள். வேகம் கொஞ்சம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பரீட்சையில் கைகொடுத்தது அழுத்தம்தான். பரசிட்டமோலை 'பாரா'வில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'சீ'யை நீட்டி ஓங்கிச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் பனடோல் என்று சொல்லிவிட்டு வந்தால் இப்படித்தான்.

வந்த பிறகு வேறு சிக்கல். நான் பேசுவது அவர்களுக்கு விளங்கியது, அவர்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை. வயோதிப நோயாளிகள் இங்கே நம்மைச் செல்லமாக 'மீ டக்' என்று கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் யாரோ வாத்து வளர்க்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மருந்து அளவில் பதினைந்தும் ஐம்பதும் எங்கள் வார்டிலும் ஆபத்தான சோடி. தொலைபேசியில் அளவு சொன்னால் ஆங்கிலேயத் தாதியும் 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்' என்று இரண்டு முறையாகச் சொல்கிறார், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். உங்கள் முகாமையாளருக்கு இதைக் காட்டுங்கள்.

உப்புவெளி வரவேற்பு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரீச்சர், டிக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன். முதலில் அசையவே இல்லை. 'பார்க்கிங்' என்று கொஞ்சம் கோபமாகச் சொன்னபோது துள்ளியது. எழுத்துப் பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டேன், அதைப் பார்த்து முகாமையாளரும் முணுமுணுத்துப் பழகுகிறார். விளம்பரக்காரருக்கு, முதல் வகுப்பில் என் பேச்சைக் கேட்டுக் குறித்துத் தருவீர்களா என்று செய்தி அனுப்பினேன். 'முதலில் பணம், பிறகு பாடம்' என்று பதில் வந்தது. சீட்டுக் காசு அம்மாவிடமே இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். காலையில் முட்டை எப்படி வேண்டும் என்று கேட்கும்போது சில விருந்தினர்கள் இலேசாகச் சிரிக்கிறார்கள். அதில் என்ன பிழை?

உவர்மலை ரீச்சர் எழுதியது:

கோபமாகச் சொன்னால் துள்ளும். என் விறாந்தையிலும் அதுதான் நடக்கிறது.

முட்டையில் நீங்கள் 'யெக்' என்று சொல்கிறீர்கள். தமிழில் 'எ' சொல்லின் முதலில் வந்தால், 'எலி', 'எங்கே' எதுவானாலும் வாய் தானாக ஒரு 'ய்' சேர்த்துக்கொள்ளும். அதை நேராக அடக்கப் போனால் தொண்டை இறுகும். முன்னால் வரும் சொல்லின் மெய்யோடு ஒட்டிவிடுங்கள். 'பொயில்ட்' என்று நிறுத்தாமல் 'பொயில்டெக்ஸ்', 'ஃப்ரைடெக்ஸ்' என்று ஒரே மூச்சில் விட்டால் 'ய்' நுழைய இடம் இருக்காது. உயிரும் மெய்யும் சேர்வது நமக்குப் புதிதா என்ன? தனியாகச் சொல்ல வேண்டி வந்தால் 'அனெக்'. ஒம்லெட்டுக்கும் இதே வைத்தியம்தான், அங்கே வந்து சேர்வது 'வ்'.